அனைத்துச் சக்கர இயக்கக் காரும் குளிர்கால டயரும்

குளிர்கால டயர் என்பது வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாலும் இறுகிப்போகாத ரப்பர் கலவையால் வார்க்கப்பட்டு, பனியையும் பனிக்கட்டியையும் கவ்வும்படி பட்டன் வெட்டப்பட்ட டயர். என்ஜினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் கார்களுக்கு இந்த டயர் தேவையில்லை என்ற எண்ணம் குளிர்நாடுகளில் பரவலாக இருக்கிறது. ‘ஆல் வீல் டிரைவ்’ என்று விற்கப்படும் இக்கார்களே டயர் விஷயத்தில் மற்றக் கார்களைவிடக் கறாரானவை என்பதுதான் உண்மை நிலை.

அந்த எண்ணம் ஏன் வருகிறது என்பது எளிதில் புரியும். சிவப்பு விளக்கு பச்சையானதும் பக்கத்துக் கார் பனியில் சக்கரம் சுழற்றிக்கொண்டு நிற்க, நான்கு சக்கர விசையுள்ள கார் அலுங்காமல் கிளம்பிவிடுகிறது. ஓட்டுநருக்குச் சாலை நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது; நிறுத்துவதில் விசைப் பங்கீட்டுக்கு வேலையே இல்லை. வளைவில் கார் வழுக்காமல் நிற்பதும் பெரும்பாலும் நான்கு உள்ளங்கையளவு ரப்பர் தரையைத் தொடுவதைப் பொறுத்தது. கிளம்பத் துணை நின்றது நிற்கத் துணை நிற்காது.

டயரின் உள்ளே

கோடை டயரின் ரப்பர் குளிரில் விறைத்துப் பிளாஸ்டிக் போலாகிவிடும். குளிர்கால டயரில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்வதால் அது நெகிழ்வு குறையாமல் சாலையின் சொரசொரப்பில் படிகிறது. அதன் பட்டன்களில் பிளேடால் கீறியது போன்ற நுண்ணிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பனிக்கட்டியின் மேல் படரும் மெல்லிய நீரை இவை விலக்கும். பனியைத் தம்முள் பிடித்து வைக்கவும் செய்யும். பனியோடு பனி ஒட்டும் என்பது பனியுருண்டை பிடித்து விளையாடிய குழந்தைக்கும் தெரியும்.

பின்லாந்தின் நோக்கியா ஊர்த் தொழிற்சாலை 1934-இல் லாரிகளுக்கென உலகின் முதல் குளிர்கால டயரைச் செய்தது. 1936-இல் கார்களுக்கான ‘ஹக்கபெலிட்டா’ வந்தது. அந்தப் பெயர் இன்றும் கடையில் இருக்கிறது. ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் 1988-இல் ‘பிளிசாக்’ வரிசையைத் தொடங்கியது.

வாங்கும்போது டயரின் பக்கச் சுவரில் பார்க்க வேண்டியது, மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை. வட அமெரிக்காவில் இது 1999-இல் வந்தது. வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்து பட்டனின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, பனியில் சோதிக்கப்பட்டதற்குச் சான்றாகாது. மலை முத்திரைக்கும் ஓர் எல்லை உண்டு: வட அமெரிக்கச் சோதனை இறுகிய பனியில் முன்னோக்கி இழுக்கும் திறனையே அளக்கிறது, பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதை அளப்பதில்லை. ஆண்டு முழுதும் ஓட்டத்தக்க ‘ஆல் வெதர்’ டயர்களும் இதே முத்திரையைத் தாங்கி வருவது அதனால்தான்.

நான்கும் ஒன்றுபோல

முன்சக்கர இயக்கக் காரில் இரண்டு டயரை மட்டும் மாற்றுவது ஆபத்து; அனைத்துச் சக்கர இயக்கக் காரில் அது ஆபத்தோடு செலவும் கூட. முன் அச்சும் பின் அச்சும் ஒரு மைய டிஃபரென்ஷியலாலோ பல தட்டு கிளட்சாலோ இணைக்கப்பட்டுள்ளன. ஒரு டயர் சிறியதாக இருந்தால் அது அதிகம் சுழலும். வழுக்கலே இல்லாத நேர்ச்சாலையிலும் அந்த இணைப்பு ஓயாமல் வேறுபாட்டை ஈடுகட்டிக்கொண்டிருக்கும், சூடேறும், தேயும்.

சுபாரு நிறுவனம் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்கிறது. ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். பட்டன் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் ஆரம் அவ்வளவு குறையும், சுற்றளவு 6.3 மில்லிமீட்டர் குறையும். அதாவது ஒரு மில்லிமீட்டர் தேய்மான வேறுபாடே வரம்பைத் தொட்டுவிடுகிறது. ஒரு டயர் கிழிந்தால் நான்கும் வாங்கும்படி கடைக்காரர் சொல்வது எப்போதும் வியாபாரத் தந்திரம் அல்ல.

ரிம்

குளிர்காலத்துக்குத் தனி ரிம் வாங்குவது முதலில் ஆடம்பரமாகத் தெரியும். ஆனால் ஆண்டுக்கு இருமுறை ஒரே ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டினால் கூலியும் ஏறும், டயரின் விளிம்பும் நலியும். வழக்கமான வழி ஓர் அங்குலம் சிறிய ரிம். 2019 முதல் 2024 வரையான சுபாரு ஃபாரஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதன் உயர்ரக வகைகளில் டயர் அளவு 225/55ஆர்18, அடிப்படை வகையில் 225/60ஆர்17. கணக்கிட்டால் முதலாவதன் விட்டம் 704.7 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 701.8. வேறுபாடு அரை விழுக்காடுகூட இல்லை. எனவே 18 அங்குலக் காருக்கு 17 அங்குலக் குளிர்காலத் தொகுதி பொருந்தும். விலை குறைவு, பக்கச் சுவர் உயரம் என்பதால் பனிக்காலப் பள்ளங்களில் ரிம் நசுங்குவதும் குறையும். இயன்றவரை அகலத்தைக் கூட்டாமல் இருப்பது நல்லது. குறுகிய டயர் பனிச்சேற்றைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். விளையாட்டு ரகக் கார்களில் பிரேக் காலிப்பர் பெரிதாக இருந்து சிறிய ரிம்மைத் தடுத்துவிடலாம்.

பொருத்தம் விட்டத்தோடு முடிவதில்லை. 2018 வரையான ஃபாரஸ்டரில் ஐந்து போல்ட்டும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் அமையும். 2019-இல் அது 114.3 ஆயிற்று. பழைய காரை விற்றுப் புதியது வாங்கியவர்கள், கேரேஜில் அடுக்கிவைத்த தொகுதி பயன்படாது என்பதை முதல் பனி விழுந்த பிறகு கண்டுபிடிப்பதுண்டு. இரண்டிலும் நடுத் துளை 56.1 மில்லிமீட்டர். பொதுச் சந்தை ரிம்மின் துளை இதைவிடப் பெரிதாக இருக்குமானால் இடைவளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் அதிரலாம். ரிம் உள்ளே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற ‘ஆஃப்செட்’ அளவும், டயரின் சுமைக் குறியீடும் காரின் மூல அளவோடு ஒத்திருக்க வேண்டும். குறியீடு 98 என்றால் ஒரு டயர் 750 கிலோ தாங்கும்.

இரும்பு ரிம் அழகில்லாதது, கனமானது, மலிவானது. பனி உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு அலாய் ரிம்மின் பூச்சை அரிக்கும். இரும்பு துருப்பிடித்தால் யாரும் வருந்துவதில்லை. என் கணக்கில் கனடிய நகரச் சாலைக்கு அதுவே போதும்.

சட்டம்

கனடாவின் கியூபெக்கில் 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம். 2019-இலிருந்து டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. நான்கு சக்கர விசைக்கு விலக்கு கிடையாது. தமிழர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ அடங்கிய ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல் குளிர்கால டயர் போட்டவருக்குக் காப்பீட்டில் தள்ளுபடி தர வேண்டும் என்பது விதி. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் மலை முத்திரை இல்லாத டயர் குளிர்கால டயராகக் கொள்ளப்படுவதில்லை.

மாட்டுதலும் கழற்றுதலும்

பகல்பொழுதிலும் 7 பாகையைத் தாண்டாத நாட்கள் வரத் தொடங்கியதும் மாற்றலாம். முதல் பனிக்குக் காத்திருந்தால் கடையில் வரிசையில் நிற்க நேரும். காற்றழுத்தம் ஏறக்குறைய 5.6 பாகைக்கு 1 பிஎஸ்ஐ குறையும், அதனால் மாதம் ஒருமுறை குளிர்ந்த டயரில் அளப்பது வழக்கம். புதிய ரிம்மின் நட்டுகளை 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். கோடையில் இதே டயரை ஓட்டினால் மென்ரப்பர் விரைவில் தேய்ந்து மொட்டையாகும். கழற்றும்போது எந்தச் சக்கரம் எந்த மூலையில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி, இருட்டான இடத்தில் அடுக்கி வைப்பார்கள். அடுத்த நவம்பரில் முன்னது பின்னுக்கும் பின்னது முன்னுக்கும் போகும்.