தொண்ணூற்றாறு ஆடுகளும் ஒரு விளக்கும்

ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டுமானால் எத்தனை ஆடுகள் தேவை? இக்காலத்தில் இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். சோழர் காலத்திலோ இதற்குத் திட்டமான விடை இருந்தது: 96. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் அந்தக் கணக்கைச் சொல்லுகின்றன. 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். இவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். அந்த நெய்யினால் ஒரு திருநந்தா விளக்கு எரியும். ஆடுகள் மூப்படையும், சாகவும் சாகும். ஆயினும் குட்டிகள் பிறந்து தொகை நிரம்பிக்கொண்டே இருக்கும் என்பதனால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடுகள்’ என்று குறித்தார்கள். முதல் குறையாமல் வட்டியில் மட்டும் எரிந்த விளக்கு அது. இன்றைய வங்கிக்காரர்கள் இதைவிடச் செம்மையாக ஓர் அறக்கட்டளையை அமைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் பேச எடுத்துக்கொண்டது பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி. பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அரியலூரோ 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. ஆட்சி எல்லைகள் இப்படி மாறினாலும் மண் ஒன்றுதான். ஆகவே இரண்டையும் ஒரே நிலமாகவே கொள்கிறேன். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் வழியில் பழுவூர் இருக்கிறது. பழுவேட்டரையர் ஆண்ட அந்த ஊர்க் கோயில்களிலும் விளக்குக் கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் உண்டு. கிழக்கே இராசேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. விளக்குக்குப் பஞ்சமில்லாத சீமை என்றே சொல்லத் தோன்றும்.

ஆனால் அவ்விளக்கு யாருக்காக எரிந்தது? இறைவன் திருமுன் எரிந்தது. அதற்கு நெய் அளந்த இடையனின் வீட்டில் பொழுது சாய்ந்தால் இருட்டுத்தான். ஆமணக்கெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் கொஞ்ச நேரம் எரியும். சோறு உண்ணுவதற்கு அது போதும், வேலை செய்வதற்குப் போதாது. ஒளி அருமையாக இருந்த காலமெல்லாம் அது பெருமைக்கே சென்றது. உழைப்பவன் கண்ணுக்குச் செல்லவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 96 ஆடுகள் விலை பெறும் ஒரு பொருளை வேறு எப்படிச் செலவிடுவார்கள்?

பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. சிமினி விளக்கும் அரிக்கேன் விளக்கும் வீட்டுக்குள் நுழைந்தன. புகையும் உடன் நுழைந்தது. பொது இடங்களுக்கு வந்தது பெட்ரோமாக்ஸ். கலியாண ஊர்வலமானாலும் தெருக்கூத்தானாலும் அந்த இரைச்சலும் வெண்மையான வெளிச்சமும் இல்லாமல் நடவா. அவ்விளக்கைத் தலையில் சுமந்து ஊர்வலத்தின் இரு புறமும் நடந்தவர்களை எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது. மாலையும் நகையும் தெரிந்தன. சுமந்தவர் முகம் மட்டும் விளக்கின் நிழலிலேயே மறைந்திருந்தது.

மின்சாரம் சென்னை மாகாணத்தின் சிற்றூர்களை நோக்கி நடந்த கதை நீளமானது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் 1937-இலும் இயங்கத் தொடங்கின. சென்னை மாநில மின்சார வாரியம் 1957-இல் அமைந்தது. கிணற்றுப் பம்புக்கும் அரைவை ஆலைக்கும் மின்சாரம் தேவைப்பட்டது; கம்பி வந்த வழியில் தெருவிளக்கும் வந்தது. இவற்றினும் முக்கியமாக நான் கருதுவது ஒரு சட்டம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தொழிலாளர் பணிபுரியும் இடமெங்கும் போதிய, பொருத்தமான ஒளி இருக்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. கூசும் ஒளியும், கண்ணை வருத்தும் நிழலும் தடுக்கப்பட வேண்டும். வெளிச்சத்துக்கென உள்ள கண்ணாடிச் சன்னல்கள் துப்புரவாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. ‘போதிய’ என்பது அளவு. ‘பொருத்தமான’ என்பது மனிதன். விளக்கின் கீழ் இருப்பவனைப் பற்றி அந்தச் சொல் கவலைப்பட்டது.

அந்தக் கவலை வீணன்று என்பதற்கு அரியலூரே சான்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் பரந்திருந்த மண் இது. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரமும், நிலமெங்கும் கிடைக்கும் கடலுயிரிகளின் எச்சங்களும் அக்கடலின் நினைவுகள். அதே கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் அரியலூருக்குச் சிமெண்டுத் தொழிலைத் தந்தது. அரசின் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தனியார் ஆலைகளும் எழுந்தன. சிமெண்டுச் சூளை இரவென்று நிற்பதில்லை. ஆகவே அதனருகே மனிதனும் விழித்திருக்க வேண்டும். சூளைக்காரன் விழிக்கும் இரவும் நந்தா விளக்கே. அதற்கு அளக்கப்படுவது நெய்யன்று, தூக்கம்.

இப்போது எல்.இ.டி. விளக்குக்கு வருவோம். சிவப்பொளி தரும் டயோடை அமெரிக்காவின் நிக் ஹோலோனியாக் 1962-இல் செய்து காட்டினார். நீல ஒளி கிடைக்க மேலும் 30 ஆண்டுகள் ஆயின. நீலம் கிடைத்த பின்னரே, அதன்மேல் மஞ்சள் பூச்சிட்டு வெள்ளொளி செய்ய முடிந்தது. நீலத்தைக் கண்ட அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபெல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு சனவரி 5-ஆம் நாள் நம் நாட்டில் வீட்டு விளக்குகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் நாடளாவிய திட்டங்கள் தொடங்கப்பெற்றன. மொத்தமாக வாங்கியதில் விலை வீழ்ந்தது. வீட்டு விளக்குத் திட்டத்தில் 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் மக்களைச் சென்றடைந்தன.

சோழர் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 9 வாட் விளக்கு ஒரு நாள் முழுதும் எரிந்தால் ஆகும் மின்சாரம் கால் யூனிட்டுக்கும் குறைவு. அதன் ஒளியோ ஏறத்தாழ 70 மெழுகுவர்த்திகளுக்கு ஈடானது. 96 ஆடுகளின் செல்வம் சில்லறைக் காசுக்கு வந்துவிட்டது.

ஆகவே இனி ‘வெளிச்சம் உண்டா’ என்பது கேள்வியாகாது; ‘எப்படிப்பட்ட வெளிச்சம்’ என்பதே கேள்வி. செயங்கொண்டத்தைச் சுற்றி இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களில் பட்டு நெசவு நடக்கிறது. ஒரு தறிக்கூடத்தில் நான் நின்று பார்த்திருக்கிறேன். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்த நெசவாளர், மலிவான ஒரு விளக்கைத் தலைக்கு மேல் தொங்கவிட்டிருந்தார். வெளிச்சம் ஏராளம். ஆயினும் அரக்கு நூலையும் மாந்தளிர் நூலையும் பிரித்தறிய அவர் நூற்கண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மட்டமான எல்.இ.டி. விளக்கில் சிவப்புப் பகுதி குறைவாக இருக்கும். சிவப்புச் சாயல்கள் மங்கித் தெரியும். முன்பு நெடுஞ்சாலைகளில் நின்ற மஞ்சள் சோடியம் விளக்குகளின் கீழ் நிறங்களே கலங்கிப்போனது நினைவிருக்கலாம். நல்ல விளக்கும் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல். நிறத்தை உள்ளபடி காட்டும் தரத்தைப் பெட்டியின்மேல் எண்ணாக அச்சிடுகிறார்கள். 90-க்கு மேற்பட்டால் தறிக்கு உகந்தது. தலைக்கு மேல் தொங்கவிடாமல் பக்கவாட்டில் வைத்தால், இழை அறுந்த இடமும் நிழலால் எடுத்துக்காட்டப்படும். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, சிறு மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. விளக்கு எத்தனையோ தறிகளுக்குத் துணையாயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசல் எந்திரத்தருகே வேறு ஒரு சங்கடம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று உடையது. அமைப்புச் சரியில்லாத விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்கு அது தெரியாது, தலைவலியாக வெளிப்படலாம். அந்தத் துடிப்பும் எந்திரத்தின் வேகமும் இசைந்துவிட்டால், சுழலும் சக்கரம் நிற்பதுபோலத் தோன்றும். நிற்கிறதென்று கை வைத்தவன் கதி என்னாகும்? குழல்விளக்குக் காலத்திலேயே இதை அறிந்த மின்பணியாளர்கள், அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு பேஸில் இணைத்தார்கள்.

ஒளி கூடினால் உழைப்புக் கூடுமா என்று 1924 முதல் சிகாகோவை அடுத்த ஹாதார்ன் ஆலையில் சோதித்தார்கள். ஒளியைக் கூட்டியபோதும் உற்பத்தி உயர்ந்தது. குறைத்தபோதும் உயர்ந்தது என்பது அச்சோதனையின் புகழ்பெற்ற கதை. தம்மைக் கவனிக்க ஆளிருக்கிறது என்ற உணர்வே ஊக்கமாயிற்று என விளக்கம் கூறினார்கள். கணக்கை மீண்டும் ஆராய்ந்தவர்கள், கதை அத்தனை தெளிவானதன்று என்கின்றனர். ஆனால் உற்பத்தியை மட்டும் அளந்தவர்கள் கண்ணையும் தூக்கத்தையும் அளக்கவில்லை என்பதே என் குறை. கண்ணின் திரையில் பார்வைக்கன்றி, உடலின் நாட்கடிகாரத்துக்கென்றே ஒளியை உணரும் அணுக்கள் உண்டு என்பது 2002-இல் உறுதியாயிற்று. நீலம் கலந்த ஒளிக்கே அவை மிகுதியாக விழிக்கின்றன. பகலில் அலுவலகத்தில் அது நன்று, சோர்வு நீங்கும். பின்னிரவில் வேலை முடிந்து வீடு திரும்பவேண்டியவருக்கு அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். ஆலையில் விழிப்பும் வேண்டும், வீட்டில் தூக்கமும் வேண்டும்; ஆகையால் கட்டுப்பாட்டறைக்கு ஓர் ஒளி, ஓய்வறைக்கு மஞ்சள் சார்ந்த வேறோர் ஒளி என்று பிரிப்பதே முறை.

ஒளி போகக்கூடாத இடங்களும் உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. தொலைநாட்டுப் பறவைகள் இரவில் வழி தேடி அங்கு வருகின்றன. கரையோரத்து விளக்குகள் வானத்தை நோக்காமல் நிலத்தையே நோக்க வேண்டும். அதற்கு ஒரு மூடி போதும்.

இத்தனைக்கும் மேலாக எனக்குத் தஞ்சைக் கல்வெட்டில் வியப்பளிப்பது வேறொன்று. ஆடுகளின் எண்ணிக்கையோடு, நெய் அளக்கக் கடமைப்பட்ட இடையரின் பெயர்களும் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. விளக்கு அணைந்தால் கேட்பதற்கு ஆள் இருந்தார். நம் சிற்றூர்த் தெருவிளக்குக் கம்பத்தில் எண் இருக்கிறது, பெயர் இல்லை. எல்.இ.டி. தெருவிளக்கில் பழுதாவது பெரும்பாலும் ஒளிரும் பகுதியன்று. மின்னோட்டத்தைச் சீராக்கும் டிரைவர் என்னும் சிறு பெட்டியே. அதை மட்டும் மாற்றினால் விளக்கு எரியும். ஊராட்சிக்கு இரண்டு பெட்டிகள் கையிருப்பிலும், ஏணி ஏறத் தெரிந்த ஒருவர் பெயர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் இருந்தால், ஒரு கம்பம் மாதக்கணக்கில் இருண்டு கிடக்க வேண்டியதில்லை.