ஏது சொல்ல வேண்டியது யார்?



"நம்ம ஊர் வரலாறு பற்றி ஏதாவது எழுதுங்களேன்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். காஞ்சிபுரம் என்றால் கோயில், இல்லாவிட்டால் பட்டு. இரண்டையும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்வது என் பிழைப்பு. ஆகவே இந்த ஊருக்கு இருந்த மூன்றாவது பெருமையை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் வாதம். ஒரு காலத்தில் நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் இங்கே வந்தது சேலை வாங்க மட்டுமல்ல, தர்க்கம் படிக்கவும்தான்.

கர்நாடகத்தில் தாளகுந்தா என்ற ஊரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன், தன் குருவோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்ததை அது சொல்கிறது. இந்திய தர்க்கத்தின் போக்கையே திருப்பிவிட்ட பௌத்த அறிஞர் திக்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. அவர் காலம் 5, 6ஆம் நூற்றாண்டு. நாலந்தாவின் தலைமை ஆசிரியராக விளங்கிய தர்மபாலரும் காஞ்சிக்காரர். 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனப் பயணி யுவான் சுவாங் அதைக் குறித்து வைத்திருக்கிறார்.

தமிழிலேயே சாட்சி இருக்கிறது. மணிமேகலை காப்பியத்தில் மணிமேகலை கடைசியாக வந்து சேர்வது நம்ம ஊருக்குத்தான். இங்கேதான் அறவண அடிகள் அவளுக்கு அளவை நூலைச் சொல்லிக் கொடுக்கிறார். 29ஆவது காதை முழுக்கப் பாடம்தான். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று படிப்படியாகப் போகும். கல்லூரியில் அந்தப் பகுதியை "கஷ்டம்" என்று நாம் தாண்டிப் போயிருப்போம். ஆனால் விஷயம் எளிது.

மலையில் நெருப்பு இருக்கிறது என்கிறேன். ஏன் என்று கேட்டால், புகை தெரிகிறது என்கிறேன். அந்தப் புகைதான் ஏது, அதாவது காரணம். அது செல்லுபடியாக மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒன்று, புகை நிஜமாகவே அந்த மலையில் இருக்க வேண்டும். இரண்டு, நெருப்புள்ள வேறு இடத்திலும், உதாரணமாக அடுக்களையில், அது காணப்பட வேண்டும். மூன்று, நெருப்பே இல்லாத இடத்தில், உதாரணமாக ஏரியில், அது இருக்கவே கூடாது. முதல் இரண்டையும் எல்லாரும் பார்த்துவிடுவோம். கோட்டை விடுவது மூன்றாவதில்தான். இருக்கக் கூடாத இடத்திலும் ஏது இருந்துவிட்டால் அது போலி. அதற்கு அநைகாந்திகம் என்று மணிமேகலையில் பெயரே இருக்கிறது.

மொழி பற்றியும் திக்நாகர் ஒன்று சொன்னார். ஒரு சொல் எதைச் சுட்டுகிறது என்பதைவிட, எதை விலக்குகிறது என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது என்றார். "பசு" என்றால் பசு அல்லாத எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மிஞ்சுவது. இதை வைத்துக்கொண்டு நம்ம ஊர்த் தறிக்கு வருவோம்.

காஞ்சிப் பட்டின் அழகே கோர்வைதான். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, ஊடையில் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். குழித்தறியில் இதை ஒரு ஆள் தனியாகச் செய்வது சிரமம். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை பல வருஷங்களாகப் பிள்ளைகளின் கையாக இருந்தது. குடும்பம் முன்பணம் வாங்கியிருக்கும், அது தீரும்வரை பிள்ளை தறியை விட்டுப் போக முடியாது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகள் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

அப்போதெல்லாம் சொல்லப்பட்ட வாதம் இதுதான்: "முன்பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆகவே சம்மதித்துத்தான் வேலை செய்கிறார்கள்." மூன்றாவது நிபந்தனையைப் போட்டுப் பாருங்கள். சம்மதமே இல்லாத இடத்தில் கையெழுத்து இருக்காதா? வீட்டில் அரிசி இல்லாதவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான். ஆக, அந்த ஏது போலி.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "கொத்தடிமை" என்ற சொல்லை அது திக்நாகர் பாணியில், விலக்கப்பட்டவற்றைக் கொண்டே விளக்குகிறது. வேறு வேலைக்குப் போகும் சுதந்திரம், நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை, தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. கடனுக்காக இவற்றில் ஒன்றை இழந்தாலும் அது கொத்தடிமைதான். தானே உழைத்தாலும் சரி, குடும்பத்தில் ஒருவரை அனுப்பினாலும் சரி. அதன் 15ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால் போதும், "இல்லை" என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். ஹரியானா கல்குவாரித் தொழிலாளர்களுக்கான பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், 1983இல், உச்ச நீதிமன்றமும் இதே திசையில்தான் தீர்ப்புச் சொன்னது.

இனி என் துறைக்கு வருகிறேன். பச்சைப் பட்டு இழையைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால் செரிசின் என்ற கோந்து கழன்று போகும். எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். அது புரதம். பாக்டீரியாக்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிடும். இதைத்தான் உயிரிச் சிதைவு என்கிறோம். ஆனால் சாயம் அப்படியல்ல. ஆசோ வகைச் சாயங்களில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும். காற்றில்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் அந்தக் கையை அறுத்துவிடும். உடனே நிறம் போய்விடும், தண்ணீர் தெளிந்துவிடும்.

"நிறம் போயிற்று, ஆகவே கழிவு போயிற்று" என்று சொல்லத் தோன்றும். மறுபடியும் அதே அநைகாந்திகம்! அறுந்த துண்டுகள் அரோமாட்டிக் அமீன்கள். பலவற்றுக்குக் கண்ணுக்குத் தெரிகிற நிறமே கிடையாது, ஆனால் சில சாயத்தைவிட மோசம். பென்சிடின் என்ற அமீன் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்குவது நிரூபணமான விஷயம். அதனால்தான் காற்றில்லாத தொட்டிக்குப் பிறகு காற்றூட்டும் தொட்டி ஒன்று வேண்டும். அமீன்களில் பலவும் அங்கேதான் சிதையும். அதனால்தான் மத்திய அரசு இத்தகைய சாயங்கள் பலவற்றைத் தடை செய்தது. நம்ம வேகவதியில் ஊர்ச் சாக்கடையும் சாயத்தண்ணியும் சேர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். அந்த ஆறு போய்ச் சேர்வது பாலாற்றில்.

பாலாற்றுக்கோ மேலேயிருந்தே துன்பம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் உப்பும் குரோமியமும் அதில் இறங்கின. இவற்றை எந்தப் பாக்டீரியாவும் சாப்பிட்டுத் தீர்க்க முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் செயல் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கே உரியது என்றது. நல்ல தண்ணீரும் நல்ல காற்றும் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தவை என்றும் பார்த்தது.

கவனித்தீர்களா? தறியடியில் உட்கார்ந்த பிள்ளையும் சரி, ஆற்றோரத்துக் கிணற்றுக்காரரும் சரி, "எனக்குக் கெடுதல் நடந்தது என்று நீயே நிரூபி" என்ற இடத்தில் நெடுங்காலம் நின்றார்கள். கணக்குப் புத்தகம் முதலாளியிடம், சாயத்தின் சூத்திரம் கம்பெனியிடம். கையில் ஒன்றும் இல்லாதவரிடம் ஏது கேட்பது தர்க்கமே ஆகாது. சட்டம் அந்தப் பாரத்தை மாற்றி வைத்தது. ஆனால் மாற்றி வைத்ததை நடத்திக் காட்ட ஆள் வேண்டும். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே வேலையைத் தடுக்கிறது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் "உதவி" செய்யலாம் என்று வழி விடுகிறது. அந்த "உதவி" என்ற சொல் எதை விலக்குகிறது, எதை உள்ளே விடுகிறது என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, ஆராய்ச்சிக்குத் தலைப்பு தேடி எங்கேயோ அலைய வேண்டாம். தமிழ் படிப்பவர் அளவை நூலையும், சட்டம் படிக்கப் போகிறவர் 15ஆவது பிரிவையும், வேதியியல் படிப்பவர் வேகவதித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஒரே மேஜையில் உட்காருங்கள். சேலை பளபளக்கிறது என்றால் அது எப்படி நெய்யப்பட்டது என்றும், தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்றால் அதில் என்ன கரைந்திருக்கிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவரையே கேளுங்கள். கடிகை இருந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் விட்டுப் போகக் கூடாது.