புங்கனூர் தந்த இசைச் செல்வர்

மேனாட்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்றொரு பாட்டுக் குழு உண்டு. 1962-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இளைஞர் சிலர் கூடி அதனைத் தொடங்கினர். தோற்றுவித்தவருள் ஒருவரான பிரையன் ஜோன்ஸ் 1969-இல் மறைந்தார். 1963 முதல் அக்குழுவுக்குத் தாளம் கொட்டிவந்த சார்லி வாட்ஸ் 2021-இல் மறைந்தார். ஆயினும் குழு கலையவில்லை. 2023-இல் புதியதோர் இசைத்தொகுப்பையும் வெளியிட்டது. அதில் இரண்டு பாடல்களில், வாட்ஸ் உயிரோடிருந்தபோது பதிவு செய்துவைத்த கொட்டே ஒலிக்கின்றது. மறைந்தவர் கைத்தாளத்தை எந்திரம் காத்துக் கொடுத்தது.

எந்திரத்தின் துணை இல்லாத இடத்தில் ஒருவர் கைத்தாளத்தைக் காப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. தொழிலின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் நாம் வந்து குடியேறிய இச் சித்தூர்ச் சீமையிலேயே அவ்விடை இருக்கின்றது. சங்கீத கலாநிதி சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் வாழ்க்கையே அது.

பிள்ளையவர்கள் 1898-ஆம் ஆண்டு புங்கனூரில் தோன்றியவர். தந்தையார் பேரையா, தாயார் மொகிலம்மா. அவர் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் என்று தனியே ஒன்று இல்லை. புங்கனூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஜமீன். அம்மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூர் விளங்கியது. 1911-இலேதான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. ஆகவே தெலுங்கு பேசும் புங்கனூரும், தமிழ் வழங்கும் காஞ்சியும் அந்நாளில் ஒரே சென்னை மாகாணத்தில் அடங்கியவை. இசை கற்க விரும்பிய இளைஞருக்குக் காஞ்சி அயல்நாடாகத் தோன்றவில்லை.

அக்காலத்துக் காஞ்சியில் இசைக்கு ஒரு பெரும் புகலிடம் இருந்தது. அது நாயனாப் பிள்ளையின் இல்லம். அவருடைய இயற்பெயரும் சுப்பிரமணிய பிள்ளையே. 1889-இல் பிறந்த அவர், புகழ்பெற்ற காஞ்சி தனகோடி அம்மாளின் சகோதரி காமாட்சி அம்மாளின் மைந்தர். தியாகராசர் கீர்த்தனைகளில் பிறர் அறியாத பலவற்றைத் தேடிக் கற்றுப் பாடியவர். அருணகிரியார் திருப்புகழை அதன் கடினமான சந்தத் தாளங்கள் வழுவாமல் மேடையில் பாடியவர். காஞ்சியில் தியாகராசர் விழாவைச் சிறப்புற நடத்தியவர். ஆசிரியருக்கும் நம் புங்கனூர் மாணவருக்கும் வயதில் வேற்றுமை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளே. ஆயினும் மாணவர் பல்லாண்டுகள் குருவின் நிழலாக வாழ்ந்தார். மேடையில் அவர் பின்னே அமர்ந்து உடன் பாடியே தேர்ந்தார்.

நாயனாப் பிள்ளையின் கச்சேரிக்குப் 'புல் பெஞ்சுக் கச்சேரி' என்று பெயர் வழங்கிற்று. உயர்நீதிமன்றத்தில் பெரிய வழக்குகளை விசாரிக்க நீதிபதிகள் பலர் ஒருங்கே அமர்வதைப் புல் பெஞ்சு என்பர். அதுபோல் இங்கே பாடகரைச் சூழ வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், டோலக், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் நிரம்பியிருக்கும். கொன்னக்கோல் என்பது தாளச் சொற்களை வாயினாலேயே சொல்லும் கலை. மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் வயலின், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கஞ்சிரா, மன்னார்குடி பக்கிரிப் பிள்ளையின் கொன்னக்கோல் ஆகியவை அம்மேடையை அணிசெய்தவை. நீதிபதிகள் பலர் நடுவே நின்று வழக்குரைக்கும் வக்கீலின் நிலைதான் பாடகருக்கு.

இதன் அருமையை இசை பயிலாதவரும் உணரலாம். ஆதி தாளத்தில் ஒரு சுற்றுக்கு எட்டு எண்ணிக்கை. பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அது தாளத்தின் தொடக்கத்திலேயே எழலாம். ஒன்றரை எண்ணிக்கை தள்ளியும் எழலாம். அவ்வாறு எழும் இடத்திற்கு எடுப்பு என்று பெயர். பாடகர் அவ்வரியை மெதுவாகப் பாடலாம், இரட்டித்த விரைவில் பாடலாம், ஒவ்வோர் எண்ணிக்கையையும் மும்மூன்றாகப் பகுத்தும் பாடலாம். இடையே சுரங்களை ஆயிரம் வகையாக அடுக்கலாம். ஆனால் முடிவில் அந்த ஒன்றரை எண்ணிக்கைக்கே பிசகாமல் வந்து சேர வேண்டும். அரை நொடி தவறினும் சுற்றியிருக்கும் தாள விற்பன்னர் அனைவருக்கும் தெரிந்துவிடும். அவர்களோ சும்மா இருப்பவர் அல்லர். ஒருவர் வைத்த கணக்கை மற்றவர் வாங்கிப் பெருக்கிப் பாடகரைச் சோதிப்பர். அத்தனைக்கும் நடுவே பாடகரின் கை, தொடையில் தாளத்தை அசையாமல் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கைத்தாளமே நாயனாப் பிள்ளையின் பெருஞ்செல்வம்.

1934-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். வயது ஏறத்தாழ நாற்பத்தைந்தே. அவர் குரலை நமக்குக் காட்ட ஓர் இசைத்தட்டும் இல்லை. இலண்டன் குழுவின் தாளக்காரருக்குக் கிடைத்த எந்திரத் துணை காஞ்சிப் பெருமானுக்கு வாய்க்கவில்லை. அந்நாளில் அவருடைய இசை அழிந்திருக்க வேண்டும். ஏன் அழியவில்லை?

அழியாமைக்குக் காரணம் மாணாக்கர்களே. வீணை தனம்மாளின் பேர்த்தியர் பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் பயின்ற கீர்த்தனைகளைக் காத்தனர். அவருடைய கணக்கையும் கச்சேரி முறையையும் தோளில் ஏற்றுக்கொண்டவர் நம் சித்தூர்ப் பிள்ளை. குரு மறைந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பத்தாறு. அதன் பின்னர் 1975-இல் தாம் மறையும் வரை நாற்பத்தோர் ஆண்டுகள் வாழ்ந்து, அக்கலையைப் பாடியும் பயிற்றியும் வந்தார். குரு வாழ்ந்த காலம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு காலம் குருவுக்குப் பின்னும் அவ்விசை ஒரு மாணவரின் நாவிலும் கையிலும் வாழ்ந்தது.

அவருடைய 'மதுராநகரிலோ' என்னும் தெலுங்குப் பாட்டு இசைத்தட்டில் வந்து வீடுதோறும் பரவிற்று. ஆனால் அவருடைய பெரும்பணி தட்டில் அன்று, வகுப்பறையில் நிகழ்ந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், சென்னையில் அரசினர் கருநாடக இசைக் கல்லூரியிலும், இங்கே திருப்பதியில் தேவஸ்தானத்தின் இசைக் கல்லூரியிலும் அவர் ஆசிரியராக விளங்கினார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் தமிழ் மாணவருக்குக் கற்பித்தார். தமிழ்நாட்டுக் காஞ்சியில் கற்றதைத் திருமலை அடிவாரத்தில் தெலுங்கு மாணவருக்கும் வழங்கினார்.

அக்காலம் எத்தகையது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் தகும். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது; சித்தூர் அதனோடு சேர்ந்தது. திருத்தணி யாருக்கு, திருப்பதி யாருக்கு என்று இரு பக்கத்தும் பூசல் மிகுந்திருந்த நாள்கள் அவை. திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-இல் அன்றோ? அவ்வெல்லைப் பிணக்குத் தீராதிருந்த 1954-ஆம் ஆண்டிலேதான், சென்னை மியூசிக் அகாதெமி சித்தூர் சுப்பிரமணிய பிள்ளைக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்துச் சிறப்பித்தது. நிலத்தைப் பங்கிட்டவர் பங்கிட்டுக் கொண்டனர்; இசையைப் பங்கிட எவருக்கும் தோன்றவில்லை. 1964-இல் சங்கீத நாடக அகாதெமியின் விருதும் அவரை வந்தடைந்தது.

பிள்ளையவர்கள் நட்ட விதை தமிழ்நாட்டில் எவ்வாறு மரமாயிற்று என்பதற்கு ஒரு சான்று போதும். சுவாமிமலையில் 1919-இல் பிறந்த ஓர் இளைஞர் அவரிடம் பல்லாண்டுகள் குருகுலவாசம் செய்தார். அவரே மதுரை சோமு என்று தமிழகம் கொண்டாடிய சோமசுந்தரம். 1972-இல் வெளிவந்த 'தெய்வம்' படத்தில் 'மருதமலை மாமணியே' என்று அவர் பாடியதைக் கேளாத தமிழர் அரியர். முருகன் மீது தமிழ்ப் பாடல்களை உருகிப் பாடிய அந்தக் குரலுக்குப் பயிற்சி அளித்தவர் புங்கனூர்த் தெலுங்கர். அத்தெலுங்கருக்கு அளித்தவர் திருப்புகழ் பாடிய காஞ்சித் தமிழர். சோமுவின் மேடையிலும் பக்கவாத்தியங்கள் நிறைந்திருக்கும். இரவு நெடுநேரம் கச்சேரி நீளும். காஞ்சியின் புல் பெஞ்சு மூன்றாம் தலைமுறையிலும் அமர்ந்தது என்றே சொல்லலாம்.

இன்று மேடைகளில் பாடகருக்கு ஒரு வயலினும் மிருதங்கமும், உடன் ஒரு கடமோ கஞ்சிராவோ அமைவதே பெருவழக்கு. அத்தனை வாத்தியங்கள் கூடும் அரங்கைக் காண்பது அரிது. ஆனால் பல்லவியின் எடுப்புக்குப் பிசகாமல் வந்து சேரும் அந்தக் கணக்கு இன்னும் கற்பிக்கப்படுகின்றது. ஒருவர் எதிரில் ஒருவர் அமர்ந்து, தொடையில் கைதட்டி, தவறினால் மீண்டும் தொடங்கிக் கற்கும் முறை இருக்கும் வரை அது இருக்கும்.

இச்சங்கத்து அன்பர்கள் மனத்தில் ஓர் அச்சம் உண்டு. நம் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவோரும் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகின்றனர். பாட்டும் படமும் கையடக்கக் கருவியில் வந்து குவிகின்றன. அவை இருந்தால் மொழி பிழைத்துவிடும் என்று சிலர் தேறுதல் கொள்கின்றனர். நாயனாப் பிள்ளையின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. ஒரு தட்டும் விட்டுச் செல்லாதவரின் இசை பிழைத்தது; ஏனெனில் அவர் எதிரே நாள்தோறும் ஒரு மாணவர் அமர்ந்திருந்தார். அம்மாணவர் தெலுங்கை விட்டுவிட்டா தமிழ்நாட்டுக் கலையைக் கற்றார்? இல்லை. இரண்டையும் தமதாக்கிக்கொண்டார், இரண்டுக்கும் பெருமை சேர்த்தார்.

ஆகவே நம் பிள்ளைகள் தெலுங்கை நன்கு கற்கட்டும்; இந்நாட்டார்க்கு நல்ல அயலாராக வாழட்டும். அதனோடு மாலையில் ஒரு நாழிகை, வீட்டுப் பெரியவர் ஒருவர் எதிரே அமர்ந்து தமிழ் படிக்கட்டும். தவறினால் மீண்டும் தொடங்கட்டும். புங்கனூர் இளைஞர் காஞ்சியில் செய்தது அதுவே. நாமும் இங்கே செய்யத்தக்கது அதுவே.