அதிகைக்குப் போன செங்கற்கள்

கெடிலக் கரையின் திருப்பாதிரிப்புலியூர் இன்று கடலூருக்குள் அடங்கிய ஊர். அன்று அதன் பெயர் பாடலிபுத்திரம். பாடலீசுவரரைக் கும்பிட வருகிறவர்களுக்கு இங்கே பெரியதொரு சமணப் பள்ளி இருந்ததைச் சொல்ல ஒரு சுவர்கூட மிச்சமில்லை.

ஏடு மிஞ்சியது. 'லோகவிபாகம்' என்னும் சமண நூல், உலகத்தின் அமைப்பை விளக்குவது. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், பாடலிகா என்ற ஊரில் சர்வநந்தி முனிவர் அதை எழுதியதாக நூலின் இறுதிப் பகுதி கூறுகிறது. கணக்கிட்டால் கி.பி. 458. அந்தப் பாடலிகா இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. சர்வநந்தியின் பிராகிருத மூலம் அழிந்துவிட்டது. சிம்மசூரியின் வடமொழி வடிவம்தான் கிடைத்திருக்கிறது. பல்லவர் காலவரிசையை வகுக்க இந்த ஒற்றை ஆண்டு எவ்வளவு உதவியிருக்கிறது!

திருவாமூர் மருள்நீக்கியார் இங்கே வந்து தருமசேனரானதும், சூலைநோயோடு தமக்கை திலகவதியாரிடம் திரும்பித் திருநாவுக்கரசரானதும் எல்லோரும் அறிந்த கதை. அந்த நாவுக்கு அரசரின் கல்வியில் இந்தப் பள்ளிக்கும் பங்குண்டு. அதை நாம் போதிய அளவு சொல்வதில்லை.

சைவத்துக்கு மாறிய பல்லவ மன்னன் பள்ளியையும் பாழிகளையும் இடித்து, திருவதிகைக்குக் கொண்டுபோய்க் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறார் பெரியபுராணத்தில் சேக்கிழார். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். திருச்சி மலைக்கோட்டைக் கல்வெட்டிலும் அது உண்டு. ஆனால் சேக்கிழார் பாடியது 500 ஆண்டுகள் கழித்து, சைவராக நின்று. பள்ளியின் முடிவைப் பற்றி எதிர்த்தரப்பின் குரல் மட்டுமே நமக்குக் கேட்கிறது. அதை மறக்காமல்தான் இக்கதையைப் படிக்க வேண்டும்.

சேக்கிழாரின் காலமாகக் கருதப்படும் இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சியில், ஸ்பெயினின் செகோவியா பகுதியில் சக்ரமேனியா மடம் எழுந்துகொண்டிருந்தது (1133–1141). அதன் ஒரு பகுதியை 1925இல் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் வாங்கிப் பிரித்து, சுமார் 11,000 பெட்டிகளில் கப்பலேற்றினார். கல்லுக்குக் கல் எண் போட்டிருந்தார்கள். வழியில் கற்கள் இடம் மாறிக் கலந்தும், 1950களில் மயாமி அருகே அது மீண்டும் மடமாகவே நின்றது. பாடலிபுத்திரத்துப் பள்ளிக்கு அந்த வாய்ப்பில்லை. பிரித்தது வேறொரு கோயில் கட்டுவதற்காக.

அந்தப் பள்ளி எப்படி இருந்திருக்கும்? மகேந்திரவர்மனே துப்புத் தருகிறான். செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் அமைத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்படுகிறான். அப்படியானால் அதற்கு முன் கட்டடங்கள் அவற்றால்தான் எழுந்தன. பள்ளியும் செங்கல்லும் மரமுமாகவே இருந்திருக்க வேண்டும்; பிரித்துக் கொண்டுபோகவும் அதுவே எளிது.

திருப்பாதிரிப்புலியூரில் 458 என்ற ஆண்டையும் சர்வநந்தியின் பெயரையும் பொறித்து ஒரு கல் நட வேண்டும். அப்பர் பெருமானைக் கொண்டாடும் ஊருக்கு அது கடமை.

அடுத்த வாரம் மண்டகப்பட்டுக்குப் போவோம்.