எண்ணூர்ச் சாம்பல் போகும் இரண்டு வழிகள்

ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி, பாராதீப்பில் கப்பலேறி எண்ணூரில் வந்து இறங்குகிறது. நம் நாட்டுக் கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். வடசென்னை அனல் மின் நிலையக் கொதிகலனில் கரி எரியும்போது, அதில் கலந்திருந்த களிமண்ணும் மணலும் உருகிப் புகையோடு கிளம்புகின்றன. சூடு தணிந்ததும் நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாக இறுகுகின்றன. விரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கும். புகைபோக்கியை எட்டுமுன் மின்தகடுகள் அந்தத் தூளைப் பிடித்துவிடும்.

இங்கேதான் வழி பிரிகிறது. உலர்சாம்பல் பல்கர் எனும் மூடிய தொட்டி லாரியில் ஏறி சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. மீதியைத் தண்ணீரில் கரைத்து, கொசஸ்தலை ஆற்றைத் தாண்டிச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் குழாயில் தள்ளுகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் உடைந்து ஒழுகின. ஆற்றடியில் சாம்பல் படிந்து மேடுதட்டியது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மீனவர்களின் கழிமுகம் தூர்ந்தது. காற்றடித்தால் செப்பாக்கத்து வீடுகளுக்குள் சாம்பல் வந்து விழும். ஆர்செனிக், ஈயம் போன்றவையும் அதில் உண்டு.

ஆலைக்குப் போன சாம்பலின் கதி வேறு. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரியில் சுட்டு, சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கரைச் செய்கிறார்கள். ஒரு டன் கிளிங்கருக்கு முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருவதால், எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. பி.பி.சி. எனப்படும் போர்ட்லாண்ட் பொசோலானா சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தரவிதி இடம் தருகிறது. அந்த அளவுக்குக் கிளிங்கர் மிச்சம், புகையும் மிச்சம். சிமெண்ட் நனையும்போது வெளிப்படும் சுண்ணாம்போடு சேர்ந்து சாம்பலும் ஒட்டும் பொருளாகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுகின்றன, கடலோர உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் தொட வெகுகாலமாகும். நச்சு உலோகங்களும் பெரும்பாலும் உள்ளேயே கட்டுண்டுவிடும்.

இதைக் காட்டி நிலக்கரிக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது. எரித்த கரியின் புகை வானத்தில்தான் இருக்கிறது. ஆனால் எரித்தாகிவிட்ட சாம்பலுக்கு ஆற்றைவிடக் கான்கிரீட்டே தகுந்த இடம். சாம்பலைப் பயன்படுத்தச் சொல்லும் மத்திய அரசின் அறிவிக்கை 1999இலேயே வந்துவிட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதைத் தண்ணீரில் கரைத்து அனுப்புவதற்கு நியாயமே இல்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பி.பி.சி. மூட்டையில் சாம்பல் சதவீதம் அச்சிட்டிருக்கும், பாருங்கள். இந்த சிமெண்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். ஏழாம் நாளோடு தண்ணீர் விடுவதை நிறுத்தக் கொத்தனார் சொன்னாலும் கேட்காதீர்கள். குறைந்தது பத்து நாள் தளம் காயாமல் தண்ணீர் விடுங்கள்.