கடல் கடந்த மிஷனெரிக் குடும்பங்கள்: ஸ்கடர் இல்லத்தின் வரலாறு

தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் மருத்துவமனை எங்கே என்று கேட்டால் ஊரில் எவரும் வழி காட்டுவர். பழைய தென்னாற்காட்டுப் பகுதியில் டென்மார்க்கு நாட்டு மிஷனெரிகள் பணியாற்றிய காலத்தை நினைவூட்டும் பெயர் அது. அவ்விடத்தைக் கண்டு திரும்பிய நம் மாணவர் ஒருவர் வகுப்பில் ஒரு கேள்வி எழுப்பினார். "ஐயா, மிஷனெரிகள் அழைப்பைப் பெற்றார்கள், வந்தார்கள் என்று படிக்கிறோம். அவர்களுடைய மனைவி மக்களை யாராவது கேட்டார்களா?" கேட்டவர் மலேசியாவில் ஒரு தமிழ்ச் சபையின் பணிக்கு அழைக்கப்பட்டு, மனைவியையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்ல ஆயத்தமாயிருந்தவர். அவருடைய மனைவியார் பள்ளி ஆசிரியை. அவ்வேலையை விட்டுவிட்டே அவர் புறப்பட வேண்டும். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. எனவே வரலாற்றை மறுபடியும் புரட்டிப் பார்த்தேன்.

இக்கேள்விக்கு மிகவும் கசப்பான விடை வில்லியம் கேரியின் இல்லத்தில் கிடைக்கிறது. 1793-இல் அவர் வங்காளத்திற்குப் புறப்படத் தீர்மானித்தபோது அவருடைய மனைவி டாரத்தி வர மறுத்துவிட்டார். அவர் அப்போது கருவுற்றிருந்தார். மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி கப்பல் ஏறச் சென்றார். பயணம் தடைப்பட்டுத் தாமதமாகவே, அவர் வீடு திரும்பி மறுபடியும் மன்றாடினார். தம் தங்கை கேத்தரினும் உடன் வருவதானால் தாமும் வருவதாக டாரத்தி இசைந்தார். கைக்குழந்தையோடு சேர்த்து நான்கு ஆண்பிள்ளைகள். 1793 ஜூன் 13-ஆம் நாள் ஒரு டேனிஷ் கப்பலில் அவர்கள் புறப்பட்டனர். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். டாரத்தியின் மனநிலை குலைந்தது. 1807 டிசம்பரில் இறக்கும்வரை அவர் தேறவேயில்லை. அடுத்த அறையில் அவர் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, கேரி வேதாகமத்தை மொழிபெயர்த்தார் என்று நாம் வியந்து பேசுகிறோம். அவ்வியப்பில் ஏதோ ஒரு குறை உண்டு என்பது என் கருத்து.

ஆனால் கேரியின் இல்லத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் செய்வது நியாயமாகாது. மனமுவந்து வந்த குடும்பம் ஒன்றையும் பார்க்க வேண்டும். அது நம் ஆற்காட்டு மண்ணிலேயே உண்டு.

டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க்கு நகரில் நல்ல வருமானம் உள்ள மருத்துவராயிருந்தார். நோயாளி ஒருவரின் இல்லத்தில் காத்திருந்தபோது, மிஷனெரிப் பணிக்கு ஆட்கள் தேவை என்று வேண்டும் ஒரு சிறு நூல் அவர் கண்ணில் பட்டது. கார்டன் ஹாலும் சாமுவேல் நியூவெல்லும் எழுதிய நூல் அது. வீடு திரும்பி மனைவி ஹாரியட்டிடம் தம் எண்ணத்தைச் சொன்னார், அவரும் இசைந்தார். ஸ்கடரின் தந்தையாரோ கடுமையாக எதிர்த்தார். 1819 ஜூன் 8-ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இண்டஸ்' என்னும் பாய்மரக் கப்பல் புறப்பட்டது. அதில் மைரன் வின்ஸ்லோ, லீவை ஸ்பால்டிங், ஹென்றி உட்வர்டு ஆகிய மூவரும் தத்தம் மனைவியரோடு சென்றனர். அவர்கள் புதிதாக மணமானவர்கள். குழந்தையோடு சென்றவர்கள் ஸ்கடர் தம்பதியர். அவர்களுடைய மகள் மரியாவுக்கு ஏறத்தாழ இரண்டு வயது.

நான்கு மாதங்களுக்கு மேல் கடலில் இருந்த அக்குழந்தை கப்பலில் பிழைத்துக்கொண்டது. அக்டோபரில் கல்கத்தாவை அடைந்து சில நாட்களுக்குள் நோயுற்று இறந்தது. அந்நகரிலேயே அடக்கம் செய்துவிட்டு, பெற்றோர் யாழ்ப்பாணத்திற்குப் பயணத்தைத் தொடர்ந்தனர். தகப்பன் மருத்துவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. தம் தொழிலால் பிறரைக் குணமாக்கவே அவர் வந்தார்; தம் பிள்ளைக்கு அத்தொழில் உதவவில்லை. யாழ்ப்பாணத்திலும் அவர்கள் பச்சிளங்குழந்தையை அடக்கம் செய்ய நேர்ந்தது.

பண்டத்தரிப்பு அவர்களுடைய இடமாயிற்று. அங்கே வாழ்க்கையை இன்னும் கடினமாக்கியது அரசியல். 1820-இல் அமெரிக்க மிஷனுக்கு அச்சுப்பணிக்காக வந்த ஜேம்ஸ் காரெட் என்பவரை இலங்கையின் ஆங்கில அரசு திருப்பியனுப்பியது. அதன் பின் பல ஆண்டுகள் புதிய அமெரிக்க மிஷனெரிகள் எவரும் அனுமதிக்கப்படவில்லை. இருந்தவர்களே இருந்தாக வேண்டும். நோயுற்றாலும் இடம் நிரப்ப ஆளில்லை. அவ்வாண்டுகளில்தான் ஹாரியட் ஸ்கடர் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். 1822-இல் பிறந்த ஹென்றி மார்ட்டின் உயிர் பிழைத்தான். அவனுக்குப் பின்னும் பலர் பிறந்து வளர்ந்தனர். ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளையும் அத்தாய் ஜெபத்தில் கழித்தார் என்று அக்குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்தது.

மிஷன் பதிவேடுகளில் இத்தாய்மாரின் நிலை யாது? அமெரிக்கன் போர்டு தன் பட்டியல்களில் மனைவியரை 'உதவி மிஷனெரிகள்' என்றே குறித்தது. அச்சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1836-இல் மிஷனெரிகள் மணமானவர்களாய் இருப்பதே நலம் என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். புறமதத்தார் நடுவில் கிறிஸ்தவ இல்லம் ஒரு கண்கூடான சாட்சி என்பது அவர் வாதங்களுள் ஒன்று. வாதம் தவறென்று நான் சொல்லேன். ஆயினும் சாட்சியாக வைக்கப்பட்ட இல்லத்திலே பிள்ளைகளைக் காணோம் என்பதே விந்தை. ஏனெனில் வளர்ந்த பிள்ளைகளைக் கல்விக்காகவும் உடல்நலத்துக்காகவும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது வழக்கமாயிற்று. ஏழு, எட்டு, பத்து வயதில் அனுப்பப்பட்டவர்கள் பெற்றோரை மறுபடியும் காணாமலே போனதுண்டு. வின்ஸ்லோவின் மகன் சார்லஸ் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். படிக்க அனுப்பப்பட்ட அச்சிறுவன் 1832-இல் அமெரிக்காவில் இறந்தான். அவன் தாய், உடுவில் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ, 1833 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் இறந்தார். வின்ஸ்லோவின் தமிழ் அகராதியை (1862) நம் மேசையில் வைத்திருக்கிறோம். அதைத் தொகுத்த ஆண்டுகளில் அவர் இல்லத்தில் நிகழ்ந்தவற்றை நாம் கற்பிப்பதில்லை.

ஸ்கடர் குடும்பம் 1836-இல் சென்னைக்கு மாற்றப்பட்டது. இன்றைய சொல்லில் கூறினால் ஓர் இடமாற்ற உத்தரவு: தமிழ் நூல்கள் அச்சிட ஓர் அச்சகம் நிறுவ வேண்டும் என்பது காரணம். மொழி ஒன்றேயாயினும் கடலும் ஆட்சியும் வேறு. ஹாரியட் மறுபடியும் வீடு கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று. 1849 நவம்பரில் அவர் சென்னையில் இறந்தார். கணவர் 1855 ஜனவரியில், உடல்நலம் தேடிச் சென்ற நன்னம்பிக்கை முனைக்கு அருகே வைன்பெர்க்கில் இறந்தார்.

அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஹென்றி மார்ட்டின் 1844-இல் மிஷனெரியாகத் திரும்பி வந்தார். 1853-இல் அவரும் சகோதரர்கள் வில்லியம், ஜோசப் ஆகியோரும் சேர்ந்து ஆற்காட்டு மிஷனை நிறுவினர். காலப்போக்கில் ஏழு சகோதரர்களும் இந்நாட்டிலேயே பணியாற்றினர். இதைக் குடும்பத் தியாகத்தின் பலன் என்று பிரசங்கிக்கிறோம், நானும் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் திரும்பி வந்தவர்களை வைத்தே அனுப்பியது சரி என்று முடிவு செய்வது பிழையான தர்க்கம். சார்லஸ் வின்ஸ்லோவும் பீட்டர் கேரியும் அக்கணக்கில் சேர்வதில்லை.

அடுத்த தலைமுறையிலும் இதே கதை நிகழ்ந்தது. ஏழு சகோதரருள் ஒருவரான இளைய ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். சிறுமியாயிருக்கையில் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். பின்னர் முதலில் தந்தையும், அடுத்துத் தாயும் இந்தியாவுக்குத் திரும்ப, அவர் உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாம் ஒருபோதும் மிஷனெரியாவதில்லை என்று அப்பெண் உறுதி கொண்டிருந்தார். இதில் வியப்பென்ன? அவரைப் பொறுத்தவரை மிஷன் என்பது தாயைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒன்று.

1890-இல் தாய் நோயுற்றிருக்கிறார் என்ற செய்தி வந்தபோது ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். தாயைக் கவனித்துவிட்டுத் திரும்பிப்போவதே அவர் எண்ணம். அங்கே ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவக் கேட்டு வந்ததும், ஆண் மருத்துவரான தந்தையை அவர்கள் ஏற்க மறுத்ததும், விடியுமுன் மூன்று பெண்களும் இறந்ததும் நாம் அனைவரும் அறிந்தவை. ஐடா மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பி வந்ததும், வேலூரில் மருத்துவமனையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்ததும் அவ்வாறே.

அந்நிகழ்ச்சியைச் சொல்லுகிறபோது அவர் திண்டிவனத்துக்கு வந்த காரணத்தை நாம் விட்டுவிடுகிறோம். மிஷன் அவரை அழைக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் தன்னை விட்டுச் சென்ற தாயின் படுக்கையருகே இருக்கவே அவர் வந்தார்.

மாணவர் இம்மாதம் குடும்பத்தோடு புறப்படுகிறார். அவர் மனைவியாரிடம் அழைப்பைக் குறித்துச் சபையார் எவரும் நேரில் பேசினார்களா என்று விசாரித்தேன். கடிதம் போதகருக்கு மட்டுமே வந்ததாம்.