தவிட்டோடு போன உயிர்

ஒரே ஊர். ஒரே வெயில். ஒரே கொசு. ஆனால் வியாதி மட்டும் ஆள் பார்த்து வந்தது.

நூறு வருஷத்துக்கு முந்தைய மலாயாவுக்குப் போகலாம், வாருங்கள். வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள். ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள். சீனர்களைக் கொத்துக் கொத்தாக அள்ளிக்கொண்டு போனது பெரிபெரி. முதலில் கால் மரத்துப் போகும். அப்புறம் உடம்பு வீங்கும். கடைசியில் இதயம் நின்றுவிடும். தமிழர்களை மட்டும் அது அநேகமாகத் தொடவே இல்லை.

ஏன்?

டாக்டர் பிராடன் என்கிற ஆங்கிலேயர் இரண்டு பேரின் தட்டையும் எட்டிப் பார்த்தார். சீனர் தட்டில் மில்லில் தீட்டிய வெள்ளைவெளேர் பச்சரிசி. தமிழர் தட்டில் புழுங்கலரிசி. வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்று 1907-ல் புத்தகமே எழுதிவிட்டார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் ஃப்ளெட்சர் இதைச் சோதித்தே பார்த்திருந்தார். பாதி நோயாளிகளுக்கு வெள்ளைப் பச்சரிசி, மீதிப் பாதிக்குப் புழுங்கல். பச்சரிசிப் பக்கம் பெரிபெரியில் செத்தவர்கள் 18 பேர். புழுங்கல் பக்கம் ஒருவர்கூட இல்லை. இன்றைக்கு இப்படியொரு சோதனைக்கு எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்காது.

சரி, விஷம்தான் காரணமா? இல்லை என்றார்கள் ஃப்ரேஸர், ஸ்டான்டன் என்ற இரண்டு டாக்டர்கள். ரோடு போட வந்த ஜாவாக்காரர்கள் சுமார் 300 பேரிடம் அதே மாதிரி சோதனை செய்தார்கள். பிறகு அரிசியையே அலசினார்கள். வெள்ளை அரிசியில் எதுவும் கூடுதலாக இல்லை. ஏதோ ஒன்று குறைகிறது! தீட்டும்போது உதிர்கிற தவிட்டோடு அது போய்விடுகிறது.

அதுதான் வைட்டமின் பி1. ஜான்சன், டோனாத் என்ற டச்சு விஞ்ஞானிகள் 1926-ல் ஜாவாவில் அதைத் தவிட்டிலிருந்து தனியே பிரித்தெடுத்தார்கள்.

புழுங்கல் எப்படித் தப்பித்தது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுசாகப் போகாது. பி1-க்காக யாரும் நெல் அவிக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது அதிகம் உடையாது. அந்த வசதியோடு உயிரும் சேர்ந்து வந்தது.

பெரிபெரி இன்று அபூர்வம். தவிட்டின் கதை மட்டும் முடியவில்லை. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி என்று இப்போது தேடித்தேடி வாங்குகிறோம் இல்லையா? ஆன்டி ஆக்ஸிடன்ட் அதிகம் என்கிறார்கள். உண்மைதான். கவுனியின் கறுப்பு, நாவல்பழத்தில் இருக்கிற அதே ரக நிறமி. ஆனால் அந்தச் சிவப்பும் கறுப்பும் இருப்பது மேல்தோலில். பளபளவென்று தீட்டிவிட்டால் பேர் மட்டும்தான் மிச்சம்.

அடுத்த முறை அரிசிக் கடையில் கிலோ என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு தீட்டியது என்று கேளுங்கள்.